சொந்த அணிக்கு எதிராக ஒரு பெட்டிசம்

என் வாழ்நாளில் நான் ஒரேயொரு பெட்டிசம்தான் எழுதியிருக்கிறேன். அதையும் நான் விளையாடிய அணிக்கு எதிராக, அந்த அணி வென்றுவிட்டது என்பதற்காக எழுதினேன். பெயர் போடாமல், இடது கையால், நாலு பிரதிகளோடு. இதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. சொன்னால் "ஏன்?" என்று கேட்பாள். அதற்குக் கௌரவமான ஒரு பதில் இன்னும் கைவசம் இல்லை.

யாழ்ப்பாணத்தவர்களுக்குப் பெட்டிசம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவருக்குப் பதவி உயர்வோ, நல்ல இடத்துக்கு மாற்றமோ, எதிர்பாராத சந்தோஷமோ கிடைத்தால், அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் மேலிடத்துக்கு எழுதும் கடிதம் அது. கீழே கையெழுத்து இருக்காது. 'உண்மை விரும்பி' என்றிருக்கும். அதற்கும் கீழே, பிரதிகள் யார் யாருக்குப் போகின்றன என்ற பட்டியல் இருக்கும். பட்டியல் நீள நீளக் கடிதத்துக்கு மரியாதை கூடும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் துன் ஏரிக்கரையிலுள்ள ஒரு ஹொட்டேலில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என் அகதி விண்ணப்பம் பெர்ன் நகரத்தில் யாரோ ஒருவருடைய மேசையில் கிடந்தது. அது கிடந்த காலம் முழுவதும் எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். தெருவில் முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் வணக்கம் சொன்னால், இவருக்கு என் விண்ணப்பத்தைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைப்பேன். சொல்லாமல் போனால், நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது என்று நினைப்பேன்.

எங்கள் சமையலறையின் தலைவரை எல்லோரும் செஃப் என்றுதான் கூப்பிடுவோம். அவர் இளவயதில் அமெரிக்காவில் ஒரு ஹொட்டேலில் சில வருடம் வேலை செய்துவிட்டு, கொஞ்சம் கெட்ட வார்த்தைகளோடும் பேஸ்போல் பைத்தியத்தோடும் ஊர் திரும்பியவர். பரிசாரகர்கள், தபால்காரர், சலவைப் பகுதிக்காரர் என்று கையில் அகப்பட்டவர்களைச் சேர்த்து ஓர் அணி அமைத்திருந்தார். ஊருக்கு வெளியே நகரசபை ஒரு புல்வெளியைத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தது. நாலு வருடமாக அந்த அணி லீக்கில் கடைசி. சாப்பிட வருகிற வாடிக்கையாளர்கள், "என்ன செஃப், உங்கடை தடிக்காரருக்கு இந்தமுறையும் தோல்விதானோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சூப்புக்குச் சொல்வார்கள்.

நான் அணிக்குள் வந்தது ஒரு முட்டையால். சமையலறை மேசையிலிருந்து உருண்டு விழுந்த முட்டையை, மற்றக் கையில் சட்டியை வைத்துக்கொண்டே, உடையாமல் பிடித்தேன். செஃப் அதைப் பார்த்துவிட்டார். அவர் பேசியது பெர்ன் மாநிலத்து ஜெர்மன்; நான் இங்கே எழுதுவது அன்று எனக்கு விளங்கிய தமிழ்.

"எங்கை பழகினனீ?"

"கிரிக்கெட், செஃப்."

"அதென்ன?"

"இதுமாதிரித்தான். கொஞ்சம் பெரிய மனுசத்தனமா விளையாடுறது."

இந்தத் திமிருக்கான பலன் பிறகு கிடைத்தது.

அந்த வருடம் எங்கள் அணி எப்படியோ வெல்லத் தொடங்கியது. செப்டெம்பர் கடைசியில், எங்களுக்கும் எம்மென்டால் பக்கத்து விவசாயிகளின் அணிக்கும் சரிசமமான வெற்றிகள். மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், அதுவும் எங்கள் இருவருக்கும் இடையில். வென்றவருக்குக் கொடி, நீல நிறத்தில், முக்கோணமாக, ஒரு சமையல் ஏப்ரனின் அளவில். கொடி வந்தால் புல்வெளியை மேலும் மூன்று வருடத்துக்குத் தருவதாக நகரசபை சொல்லியிருந்தது. வராவிட்டால் அது உதைபந்தாட்டக்காரருக்குப் போகும். செஃபின் அணி அத்தோடு முடியும். செஃப் ஓகஸ்டிலேயே என் கழுவுதொட்டிக்கு மேலே சுவரில் ஓர் ஆணி அடித்துவிட்டார். ஒன்றரை மாதம் அந்த வெறும் ஆணியைப் பார்த்தபடிதான் கோப்பை கழுவினேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் மழை. ஆட்டம் ஒன்றரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது.

விவசாயிகளின் பந்து எறிபவன் நெடிய, சிவந்த முகக்காரன். அவன் எறிந்த பந்துகளை நாங்கள் கண்டோம் என்று சொல்ல முடியாது. எங்களைக் கடந்து போன சத்தத்தைக் கேட்டோம். மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. நீண்ட சாட்டை மாதிரித் தடியால் ஒரு வில்லையை அடித்து வானத்துக்கு அனுப்பும் அவர்களுடைய ஊர் விளையாட்டில் பழகிய கைகள். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறாவதற்கு வரும்போது அவர்கள் எட்டு, நாங்கள் இரண்டு.

அந்த ஆறாவதில்தான் என் முறை வந்தது. மூன்றாம் பேஸில் செஃப் நிற்கிறார். இன்னும் ஒரு பாய்ச்சலில் அவர் வீடு, அதாவது அடிப்பவர் நிற்கும் இடம், வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். முதலாம் பேஸில் தபால்காரர். எங்களில் ஒருவர் ஏற்கெனவே ஆட்டமிழந்திருந்தார். நான் அடித்தேன். பந்து மெதுவாக உருண்டு நேரே ஒரு தடுப்பாளரிடம் போனது.

கிரிக்கெட்டில் இப்படி ஒரு பந்துக்கு ஓடுபவன் முட்டாள். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சியாளர் பத்து வருடமாக எங்களுக்குள் ஏற்றியது அதைத்தான். ஆகவே நான் நின்ற இடத்தில் நின்று, வலது கையை உயர்த்தி, போக்குவரத்துப் பொலிஸ்காரன் மாதிரி, "நோ!" என்று கத்தினேன்.

பேஸ்போலில் அடித்தவன் ஓடியே ஆகவேண்டும். அவனுக்கு முன்னால் முதலாம் பேஸில் நிற்பவனும் ஓடியே ஆகவேண்டும். ஆனால் தபால்காரர் ஒழுக்கமான மனிதர். சீருடையில் வேலை செய்பவர். நோ என்றதும் நின்றுவிட்டார். விவசாயிகள் அவசரமே இல்லாமல் பந்தை இரண்டாம் பேஸுக்கு எறிந்தார்கள், தபால்காரர் முடிந்தார். பிறகு முதலாம் பேஸுக்கு எறிந்தார்கள்; நானும் முடிந்தேன். கையை இன்னும் இறக்கியிருக்கவில்லை. இதற்கிடையில் பாய்ந்து வந்து சேர்ந்து இரண்டு கையையும் தூக்கி நின்ற செஃபிடம் நடுவர், மூன்று பேர் ஆட்டமிழந்து முறை முடிந்துவிட்டது, அந்த ஓட்டம் செல்லாது என்றார்.

செஃப் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். என்னிடமிருந்து மட்டையை வாங்கி, சலவைப் பகுதிக்காரரிடம் கொடுத்தார். அந்தாள் சீசன் முழுவதும் ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. எனக்குப் புள்ளிப் புத்தகத்தைத் தந்து, "உன்ரை எழுத்து வடிவு. இதை எழுது," என்றார்.

ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டவர் திரும்ப உள்ளே போகமுடியாது. ஆகவே நான் மைதான ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்து, பென்சிலைக் கூராக்கி, என்னைச் சுற்றி நடப்பவற்றைக் கவனிக்கத் தொடங்கினேன். மனம் புண்பட்டவனுடைய கண்பார்வை அபாரமானது.

ஏழாவதிலும் எங்கள் பக்கம் மூன்று பேர் வரிசையாகப் போய் வரிசையாகத் திரும்பினார்கள். அது முடிந்ததும் நான் கண்டது இது. விவசாயிகளின் பந்து எறிபவன் கையுறையைக் கழற்றினான். தன் தலைவனிடம் ஏதோ சொன்னான். தலைவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், தலையாட்டினான். பந்து எறிபவன் வாகனங்கள் நிற்கும் பக்கம் நடந்தான். எங்கள் செஃப் அவன் பின்னாலேயே போனார். தன் காரைத் திறந்து, நிறைந்த ஒரு வெள்ளை மூட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தார். இருவரும் கைகுலுக்கினார்கள். செஃப் அவன் தோளில் தட்டினார். அவன் மூட்டையைத் தன் பழைய ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

எட்டுக்கு இரண்டு என்று வெல்லும் பக்கத்தின் முதல் ஆள், தானாக, மூட்டையோடு.

அவனுடைய இடத்துக்கு வலப்பக்கக் கோடியில் தடுத்துக்கொண்டு நின்றவன் எறிய வந்தான். அந்தக் கோடிக்கு, அவர்களைக் கூட்டிவந்த வான் வண்டியின் சாரதியை அனுப்பினார்கள். அறுபது வயதிருக்கும். ஆள் கணக்குக்காகப் பெயர் பதிந்து வைத்திருந்த மனிதர்; காலில் தோல் சப்பாத்து.

எட்டாவதில் புதிய எறிகாரனுடைய பந்துகள் எங்கெல்லாமோ போயின. நாலு பந்து தவறாக எறிந்தால் அடிப்பவருக்கு முதலாம் பேஸ் இலவசம். சலவைப் பகுதிக்காரர்கூட, மட்டையை அசைக்காமலே, வங்கியில் வரிசையில் நிற்பவர் மாதிரி நின்றுவிட்டு நடந்து போனார். நாலு ஓட்டங்கள் வந்தன. எட்டுக்கு ஆறு. என்னைச் சுற்றி எல்லோரும் ஜெர்மனிலும் இத்தாலியனிலும் குதித்தார்கள். நான் புத்தகத்தில் எழுதினேன். வெல்லக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இத்தனை சுகமாக வரக்கூடிய ஓட்டங்கள், நான் உள்ளே நின்ற ஆறு இன்னிங்ஸும் எங்கே போயிருந்தன?

ஒன்பதாவது. அவர்கள் பக்கம் ஓட்டம் எதுவும் வரவில்லை. எங்கள் பக்கம் இரண்டு பேர் ஆட்டமிழந்து, மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்க, அடிக்க வந்தவர் என்னுடைய இடத்தில் ஆடிய அதே சலவைப் பகுதிக்காரர். இரண்டு பந்தை வீசித் தவறவிட்டார். மூன்றாவதும் தவறினால் கொடி எம்மென்டாலுக்கு. செஃப் வாங்கின் நுனியில் என் பக்கத்தில் குந்தியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவரை நான் சும்மா இருக்கக் கண்டது அப்போதுதான்.

சலவைப் பகுதிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். மூடியதை நான் கண்டேன். பந்து உயரக் கிளம்பி, மெல்லச் சரிந்து, வலப்பக்கக் கோடியில் நின்ற வான் சாரதியை நோக்கி இறங்கியது. அவர் இரண்டடி முன்னால் வந்தார், ஓரடி பின்னால் போனார், கையுறையை விரித்தார். பந்து அதற்குள் விழுந்து, வெளியே குதித்தது. எங்கள் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சாரதி பந்தைப் பொறுக்கி, யாருக்கு எறிவதென்று தெரியாமல், கையில் வைத்துக்கொண்டே நடுமைதானத்துக்கு ஓடிவந்தார், ஆளிடம் நேரில் ஒப்படைக்கிறவர் மாதிரி. வந்து சேர்வதற்குள் மூன்றுபேர் வீடு வந்துவிட்டார்கள். ஒன்பதுக்கு எட்டு.

செஃப் புல்லில் முழந்தாளிட்டு அழுதார். நான் சாரதியைப் பார்த்தேன். சாரதி சிரித்துக்கொண்டிருந்தார். கொடியைத் தவறவிட்ட மனிதன் எதற்காகச் சிரிக்கவேண்டும்?

ஹொட்டேலின் மேல்மாடியில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை, ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். மாவட்டத்துக்கு வரும் பெட்டிசங்களைப் பிரித்துக் கோவையில் இடுவது அவருடைய வேலை. இங்கே மரக்கறி வெட்டினார். அடுத்த நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கும் இராச்சாப்பாட்டுக்கும் இடையில் எங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தில், நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நோ" என்று கத்தியதை மட்டும் விட்டுவிட்டேன்.

"ஆரும் அவனைப் போகச் சொன்னவையோ?" என்று கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

"இல்லை அண்ணை. தானாத்தான் போனவன்."

"காயம் கீயம்?"

"ஒண்டுமில்லை."

"வெல்லுற பக்கத்திலை நிண்டவன் தானா எழும்பிப் போறானோ? தம்பி, நான் பதினைஞ்சு வருசம் கச்சேரியிலை இருந்தனான். கையிலை ஒண்டுமில்லாமல் ஒருத்தனும் தானா எழும்பிப் போனதை நான் காணேல்லை."

"மூட்டை குடுத்தவை, அண்ணை. செஃப்தான் குடுத்தவர்."

அண்ணை எழுந்து உட்கார்ந்தார்.

"கட்டின மூட்டையோ, கட்டாத மூட்டையோ?"

"கட்டினது."

"பிறகென்ன. பேப்பரை எடு."

அன்று மத்தியானம் அவர் வேறொரு மனிதராகவே மாறிவிட்டார். கரட் வெட்டும்போது அவரிடம் காணாத தோரணை. முதலில் நாங்கள் லீக்கின் உயர்வைப் போற்றினோம். பிறகு வருத்தம் தெரிவித்தோம். பிறகு ஐந்து குற்றச்சாட்டுகள்: வெளியேற்றம், மூட்டை, கைகுலுக்கல், கண்ணை மூடியது, சிரிப்பு. நான் அகராதியை வைத்து ஜெர்மனுக்கு மாற்றினேன். விளையாட்டுச் சொற்கள் அந்த அகராதியில் இல்லை. ஆகவே 'பௌலர்', 'விக்கெட் கீப்பர்' என்று எனக்குத் தெரிந்த கிரிக்கெட் சொற்களையே போட்டேன். பிரதிகள் லீக் தலைவருக்கு, செயலாளருக்கு, நகரசபைத் தலைவருக்கு. நாலாவதை அண்ணைதான் வற்புறுத்தினார்.

"விவசாய இலாகாவுக்கும் ஒண்டு போடு."

"அவைக்கு ஏன் அண்ணை?"

"ஆள் கமக்காரனல்லோ? மேலிடம் எண்டு ஒண்டு இருக்குத்தானே."

துன் நகரத் தபால்பெட்டியில் போட்டால் தபால்காரர் எழுத்தைப் பார்ப்பார். ஆகவே செவ்வாய்க்கிழமை ரயிலில் பெர்னுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. ஏதோ நியாயத்துக்காகப் போராடிய களைப்பு.

புதன்கிழமை கொடி வந்தது. செஃப் சமையலறையில் எல்லோரையும் கூப்பிட்டு, அதை என் தொட்டிக்கு மேலேயிருந்த ஆணியில் மாட்டினார். வாடிக்கையாளர்கள் கையில் கிளாசோடு உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தடிக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை, புல்வெளி மூன்று வருடத்துக்கு உங்களுக்கே என்று நகரசபைக் கடிதம். செஃப் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடிக்குப் பக்கத்தில் ஒட்டினார். வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, "உனக்கு அடிக்கத் தெரியும். ஓடத்தான் தெரியேல்லை. குளிர் முடிய நான் பழக்குறன்," என்றார்.

அதன் பிறகுதான் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கடிதத்தை யாராவது நம்பினால் கொடியும் போகும், புல்வெளியும் போகும், வாடிக்கையாளர்கள் தங்களுடைய பழைய கேள்வியோடு திரும்பி வருவார்கள். கடிதம் தொலைந்து போகவேண்டும் என்று விரும்பினேன். ஆனால் சுவிஸ் தபால் எதையும் தொலைப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த செவ்வாய் பின்னேரம் லீக் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே உத்தியோகத்தர்; கையில் கோவை. எம்மென்டாலின் பந்து எறிபவனையும் வரச்சொல்லியிருந்தார். செஃபோடு மூவரும் பின்முற்றத்து மேசையில் இருந்தார்கள். என்னைக் கோப்பி கொண்டுவரச் சொன்னார்கள். கொடுத்துவிட்டு, பக்கத்து மேசையைத் துடைப்பவன்போல அங்கேயே நின்றேன்.

செயலாளர் என் கடிதத்தை மேசையில் விரித்துவைத்து, பேனையால் முதலாவது குற்றச்சாட்டைத் தொட்டார்.

"ஏழாவதுக்குப் பிறகு ஏன் போனனீங்கள்?"

"பால் கறக்க," என்றான் அவன்.

"எத்தனை மாடு?"

"இருபத்திரண்டு. ஆட்டம் பிந்தினதாலை நேரம் போட்டுது. ஆறரைக்குப் பால் சீஸ் செய்யிற இடத்துக்குப் போய்ச் சேரவேணும்."

"வீட்டிலை வேறை ஆக்கள்?"

"அப்பாவுக்கு முதுகுப் பிடிப்பு."

செயலாளர் எழுதினார். அந்த நாட்டில் மாடு என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி இல்லை. நான் அதுவரை அறிந்திருக்காத சட்டங்களில் அதுவும் ஒன்று.

"மூட்டை?"

"காய்ஞ்ச பாண்," என்றார் செஃப். "மாட்டுக் கண்டுகளுக்கு. ஹொட்டேலிலை மிஞ்சுறது. இவன்தான் ஒவ்வொரு நாளும் பிரிச்சுக் கட்டி வைக்கிறவன்." தாடையால் என்னைக் காட்டினார்.

உண்மைதான். ஒரு வருடமாக மேசைகளில் மிஞ்சிய பாண் ரொட்டியையெல்லாம் வெள்ளை மாச்சாக்கில் போட்டு, என் கையாலேயே கட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. உலகத்தில் நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே பொருள்.

"சாரதி சிரிச்சாராம்?"

"இப்பவும் சிரிச்சுக்கொண்டுதான் திரியிறார்," என்றான் பந்து எறிபவன். "பந்து தன்ரை கையிலை பட்டதாம்."

செயலாளர் கோவையை மூடினார். முடிவில் மாற்றமில்லை, கொடி துன் நகரத்துக்கே என்றார். பிறகு செயலாளர் கடிதத்தைத் திருப்பி, அடியைப் பார்த்து, உண்மையான கவலையோடு சொன்னார்: "எழுதினவர் கையெழுத்துப் போட மறந்திட்டார். போட்டிருந்தால் ஒரு பதிவிலக்கம் குடுத்திருப்பம். எழுத்துமூலம் பதிலும் போயிருக்கும்."

கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு அவர் எழுந்தார். செஃப் அதை எடுத்து, உதடுகள் அசைய வாசித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"பௌலர்," என்று சத்தமாகச் சொன்னார்.

"அது ஆர்?" என்று கேட்டான் பந்து எறிபவன்.

அணியில் அப்படிச் சொல்கிறவன் நான் ஒருவன்தான். செஃப் என்னைப் பார்த்தார். நான் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன். செஃப் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

மேலே போய் அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பேப்பர்க்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருபத்திரண்டு மாடெண்டு சொன்னவன். சரி. ஆர் போய் எண்ணிப் பாத்தது?"

"விடுங்கோ அண்ணை."

"ஒரு சின்னக் கடிதம். விவசாய இலாகாவுக்கு மட்டும்."

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

செஃப் மறுநாள் காலை வரை காத்திருந்தார். நான் தொட்டியில் கையை விட்டு நின்றபோது பக்கத்தில் வந்து, ஈரத்துணியை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத ஒரு சட்டியைத் துடைத்தார். மன்னிப்புக் கேட்பதற்கான ஜெர்மன் வாக்கியத்தை நான் இரவே அகராதி பார்த்து ஆயத்தம் பண்ணியிருந்தேன். வாயைத் திறந்தேன்.

"விடு," என்றார் அவர். "ஆனால் ஒண்டு. எங்களுக்குக் கொடி கிடைக்கக்கூடாது எண்டால் நீ இவ்வளவு கஷ்டப்பட்டுக் கடிதம் எழுதியிருக்கத் தேவையில்லை. உன்னை ஒன்பதாவது வரைக்கும் விளையாட விட்டிருந்தாலே காணும்."